இடமும் வலமும்

பிழைப்பை நாடி வேற்றூரில் குடியேறிய குடும்பங்களுக்கு மொழி என்பது அன்றாடச் சிக்கல்களுள் ஒன்று. காய்கறிக் கடையில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி, வீட்டிற்குள் ஒரு மொழி என்று நாம் அனைவரும் பழகிவிட்டோம். அங்ஙனம் பழகிவிட்டதனாலேயே, நமக்கு எந்த மொழி எவ்வளவு தெரியும் என்பதை நின்று நிதானித்து எண்ணிப் பார்க்க மறந்தும் விட்டோம். சென்ற ஆண்டு ஒரு பழைய மோட்டார் வண்டிக்காகச் சில ரப்பர்ப் பட்டைகளை இத்தாலி நாட்டிலிருந்து வரவழைக்க நேர்ந்தது. அந்தச் சிறு முயற்சி, நாங்கள் எண்ணிப் பாராதிருந்ததை எண்ணிப் பார்க்கச் செய்தது. நம் சங்கத்து அன்பர்களுக்கும் பயன்படலாம் என்னும் கருத்தால் அதனை இங்கு எழுதுகிறோம்.

எங்கள் இல்லத்தில் இருப்பது 1968-ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற பியட் 1100 டிலைட் வண்டி. பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தார், இத்தாலி நாட்டு பியட் நிறுவனத்தாரிடம் உரிமம் பெற்று 1964 முதல் செய்துவந்த வண்டி இது. பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்றதும் இதுவே. மஞ்சள் கூரையும் கருப்பு உடலுமாகப் பம்பாய்த் தெருக்களை நிறைத்திருந்த வாடகை வண்டிகளை அன்பர்கள் பலர் கண்டிருப்பீர்கள். 2023 அக்டோபர் 30 முதல் அந்நகரில் பத்மினி வாடகை வண்டிகளின் ஓட்டம் நின்றுபோயிற்று. பெங்களூரிலோ, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குடும்பங்கள் இவ்வண்டியை இன்னும் பேணி வருகின்றன. அவற்றுள் எங்கள் குடும்பமும் ஒன்று.

எங்கள் தந்தையார் குடியாத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து இளமையிலேயே இந்நகருக்கு வந்தவர். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1979-இல் உடன் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து இவ்வண்டியை இரண்டாம் கையாக வாங்கினார். ஆண்டுதோறும் பொங்கலுக்கு முதல்நாள் விடியற்காலையில் எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு, ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி வழியே ஊருக்கு ஓட்டிச் செல்வார். ஸ்டியரிங் தண்டிலேயே கியர்க் கோல் இருப்பதால் முன் இருக்கையில் மூவர் அமரலாம். நடுவில் அமரும் உரிமைக்கு நாங்கள் சண்டையிட்ட காலம் உண்டு. அவர் 2016-இல் மறைந்தார். வண்டி எங்களிடம் வந்தது. அன்னையார் இன்றும் கோயிலுக்குச் செல்வதாயின், “அப்பா வண்டியை எடுங்கள்” என்றுதான் சொல்வார். ஆகவே இதனை விற்றுவிடும் பேச்சு எங்கள் வீட்டில் எழுந்ததேயில்லை.

சென்ற ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு நாள் திடீரென்று பெய்த மழையில் வண்டியின் தளத்தில் நீர் தேங்கியது. முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரும், கதவுகளின் ரப்பரும், டிக்கி மூடியின் ரப்பரும் காய்ந்து வெடித்துவிட்டன. வண்டியைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மெக்கானிக் பெரியவர் தரை விரிப்பைத் தூக்கிக் காட்டினார். தகடு செந்நிறமாய்ப் பொரிந்திருந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் இப்படியே போனால் தளமே உதிர்ந்துவிடும் என்றார். அவர் இராமநகரத்துக்காரர். கன்னடமே அவர் தாய்மொழி. எங்களிடம் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். நாங்கள் அவரை “அண்ணா” என்போம். இரு மொழியிலும் ஒன்றாய் வழங்கும் அந்தச் சொல் ஒன்றே எங்களுக்குப் போதுமானதாய் இருந்தது. வேண்டிய பொருள்களை ஒரு சீட்டில் எழுதித் தந்தார். ஏழு வரிகள். எல்லாம் கன்னட எழுத்து. அவர் வாயால் சொன்னதை நாங்கள் நினைவில் வைத்துக்கொண்டோம். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம்.

ஜே.சி. ரோடு என வழங்கும் ஜயசாமராஜேந்திரர் சாலையில் மோட்டார் உதிரிபாகக் கடைகள் வரிசை வரிசையாய் உள்ளன. ஒரு சனிக்கிழமை முழுதும் அங்கு அலைந்தோம். பெரும்பாலோர் பியட் என்ற பெயரைக் கேட்டதும் சிரித்தனர். ஒரு முதியவர் மட்டும் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் தூசு தட்டிக் காட்டினார். அதிலிருந்த ரப்பர், கையில் எடுத்ததும் பிஸ்கோத்துப் போல ஒடிந்தது. சிவாஜிநகரில் பழைய வண்டிப் பொருள்கள் விற்கும் குஜரிக் கடைகளிலும் தேடினோம். அங்கு உலோகப் பொருள் கிடைக்கும். ரப்பர் எங்ஙனம் கிடைக்கும்? ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகிப் போவது ரப்பரின் இயல்பன்றோ?

அப்போது எங்கள் மகள்தான் ஒரு வழி கூறினாள். அவள் வேலையின் பொருட்டு ஹைதராபாத்தில் இருக்கிறாள். “இவ்வண்டி பிறந்த நாட்டில் கேட்டுப் பாருங்களேன்” என்றாள். பியட் நிறுவனம் 1899-இல் இத்தாலியின் டூரின் நகரில் தொடங்கப்பெற்றது. அப்பகுதியில் பழைய வண்டிகளைப் போற்றுவோர் மிகுதி. அவர்களுக்கென்றே பழைய அச்சில் புது ரப்பர் வார்த்து விற்கும் சிறு வணிகர்களும் உள்ளனர். அத்தகைய ஒருவரைக் கண்டறிந்து, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, கணினி வழியே அனுப்பினோம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எங்களுக்கு இத்தாலியம் தெரியாது. இருவர் கையிலும் மொழிபெயர்ப்புக் கருவி இருந்தது. அது போதும் என்று நம்பினோம்.

முதல் விடை எங்களை வியப்பில் ஆழ்த்தியது. தாம் மோட்டார் உதிரிபாகங்கள் மட்டுமே விற்பதாகவும், ஆடை வகைகள் விற்பதில்லை என்றும் அவர் மிக்க பணிவுடன் எழுதியிருந்தார். நாங்கள் எங்கே ஆடை கேட்டோம்? நெடுநேரம் ஆராய்ந்த பின்னரே உண்மை புலனாயிற்று. நாங்கள் ‘டிக்கி’ ரப்பர் என்று எழுதியிருந்தோம். ஆங்கில அகராதியில் அச்சொல்லுக்குச் சட்டையின் முன்பக்கத்தில் அணியும் ஒரு துணி என்றும் பொருள் உண்டாம். வண்டியின் பின்புறப் பெட்டியை இங்கிலாந்துக்காரர் ‘பூட்’ என்பர். அமெரிக்கர் ‘டிரங்க்’ என்பர். டிக்கி என்று சொல்லி வண்டியின் பின்புறத்தைக் காட்டுவது நம் நாட்டு வழக்கம்.

அடுத்த கடிதத்தில் அவர் ஒரு வினா விடுத்திருந்தார். “ஸ்டெப்னி என்பது எந்த நிறுவனத்து வண்டி?” நாங்கள் மாற்றுச் சக்கரத்தை இறுக்கும் பிடியைக் கேட்டிருந்தோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்தின் ஸ்டெப்னி தெருவில் ஒரு நிறுவனத்தார் மாற்றுச் சக்கரம் செய்து உலகெங்கும் விற்றனர். அத்தெருவின் பெயர் சக்கரத்தின் பெயராயிற்று. அந்நிறுவனம் மறைந்தது. இங்கிலாந்திலேயே அப்பெயர் மறைந்தது. நம் நாட்டு மெக்கானிக் கொட்டகைகளிலோ அது இன்றும் உயிரோடு உலவுகிறது! நாம் பேசுவது ஆங்கிலம், அதனை உலகமே அறியும் என்று எண்ணியிருந்தோம். அது பெங்களூரிலும் சென்னையிலும் மட்டும் செல்லுபடியாகும் காசு என்பதை அன்று அறிந்தோம்.

ஆகவே சொற்களைக் கைவிட்டு எண்களையும் படங்களையும் நாடினோம். ஒவ்வொரு ரப்பரையும் கழற்றி, அதன் குறுக்குவெட்டை வெள்ளைத் தாளின்மேல் வைத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தோம். அகலமும் உயரமும் மில்லிமீட்டரில் குறித்தோம். அவரும் தம் பொருள்களை அங்ஙனமே படமெடுத்து அனுப்பினார். கூடவே சில இத்தாலியச் சொற்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். ‘குவார்னித்ஸியோனே’ என்றால் நீர் புகாமல் அடைக்கும் பட்டை. ‘கோஃபனோ’ என்றால் எஞ்சின் மூடி. ‘பராபிரெட்ஸா’ என்றால் முன் கண்ணாடி. ‘ரிகாம்பி’ என்றால் உதிரிபாகங்கள். ஒரு மாதத்தில் நாற்பது சொற்கள் சேர்ந்தன. அன்னையார் அந்நோட்டைப் பார்த்து, “இந்த வயதில் பரீட்சையா?” என்று நகைத்தார்.

எண்கள் என்றால் எல்லார்க்கும் பொது என்று நினைப்போம். அதிலும் ஒரு கண்ணி உண்டு. கதவு ரப்பரின் விலை மீட்டருக்கு 9,50 யூரோ என்று அவர் எழுதினார். ஒன்பது யூரோ ஐம்பது சென்ட் என்பது அதன் பொருள். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைப்பர். நாம் காற்புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் புள்ளி வைப்பர். 1.250 என்று எழுதினால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. இதனை அறியாமல் பணம் அனுப்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு நுட்பமும் எங்களைக் கவர்ந்தது. கருவி மொழிபெயர்த்துத் தந்த அவர் கடிதங்களில், சில இடங்களில் ‘அவள் விரும்பினால் அனுப்புகிறேன்’ என்று வந்தது. யார் அந்த அவள் என்று குழம்பினோம். மகள் விசாரித்துச் சொன்னாள். இத்தாலிய மொழியில் ‘லேய்’ என்னும் சொல்லுக்கு அவள் என்று பொருள். முன்னிலையில் இருப்பவரை மரியாதையுடன் விளிக்கவும் அதே சொல்தான். நாம் ஒருவரையே ‘அவர்கள்’ என்று பன்மையில் கூறுவதில்லையா? அதுபோலத்தான் இதுவும். முன்பின் அறியாத எங்களை அவர் தொடக்கம் முதலே ‘தாங்கள்’ என்றே விளித்து வந்திருக்கிறார். கருவிதான் அந்த மரியாதையை வழியில் தவறவிட்டுவிட்டது. அன்று முதல் அவர்மேல் எங்களுக்கு ஒரு தனி அன்பு உண்டாயிற்று.

இங்ஙனம் விழிப்புடன் நடந்தும் ஒரு பிழை செய்தோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அப்பிழையே.

பியட் வண்டியின் முன்கதவில், பெரிய கண்ணாடிக்கு முன்னால், காற்றுக்காகத் திருப்பி வைக்கும் முக்கோணச் சிறு கண்ணாடி ஒன்று உண்டு. அதற்குரிய ரப்பர் அச்சில் வார்ப்பது. இடப்பக்கத்து ரப்பர் வலப்பக்கத்திற்குப் பொருந்தாது. எங்களுக்கு ஒரு பக்கத்திற்கு மட்டுமே அது தேவைப்பட்டது. மெக்கானிக் பெரியவர் தொட்டுக் காட்டிய கதவு எது என்பது எங்களுக்கு நன்றாக நினைவிருந்தது. தந்தையார் அமர்ந்து ஓட்டிய பக்கம். ஆகவே ‘ஓட்டுநர் பக்கம்’ என்று எழுதினோம். அவரும் ‘ஓட்டுநர் பக்கம், சரி’ என்று எழுதினார். இருவருக்கும் ஐயமில்லை. பணம் அனுப்பினோம்.

ஜூன் மாதத்தில் பொட்டலம் வந்தது. அது வருவதற்குள் நாங்கள் கற்ற பாடங்கள் தனி. அடையாளச் சான்றுகளைச் சரக்கு கொண்டுவரும் நிறுவனத்திடம் காட்ட வேண்டியிருந்தது. சுங்கவரி பொருளின் விலைக்கு மட்டும் அன்று. அதனை இங்குக் கொண்டுவரும் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு விதிக்கப்படுகிறது. அதன்மேல் சரக்கு சேவை வரி வேறு. இவற்றை எல்லாம் முன்கூட்டிக் கணக்கிடாமல், இத்தாலிய விலையை மட்டும் பார்த்து மகிழ்வது பேதைமை. ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பட்டுமா, சிலர் அவ்வாறு கேட்பதுண்டு என்று அவ்வணிகர் வினவியிருந்தார். வேண்டா என்று எழுதினோம். தந்தையாரின் வண்டிக்குப் பொய்யால் ஒரு ரப்பர் வாங்குவதை எங்கள் மனம் ஒப்பவில்லை.

பொட்டலத்தைப் பிரித்தோம். புது ரப்பரின் மணம் வீடெங்கும் கமழ்ந்தது. அன்றே கொட்டகைக்கு எடுத்துச் சென்றோம். பெரியவர் ஒவ்வொன்றாய் எடுத்துத் தடவிப் பார்த்து மகிழ்ந்தார். அந்த முக்கோண ரப்பரை எடுத்துக் கதவில் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்தார். மீண்டும் திருப்பினார். பிறகு மெல்லச் சிரித்துக்கொண்டு, “இது எடகடேது, சார். நமகெ பேக்காகிரோது பலகடேது” என்றார்.

எங்களுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நம் நாட்டில் ஓட்டுநர் அமர்வது வலப்பக்கம். இத்தாலியில் ஓட்டுநர் அமர்வது இடப்பக்கம். ‘ஓட்டுநர் பக்கம்’ என்று நாங்கள் எழுதியது ஒன்று, அவர் படித்தது வேறொன்று. இருவரும் ஒரே சொல்லைச் சொன்னோம். இருவரும் உண்மையையே சொன்னோம். பொருளோ நேர்மாறாய்ப் போயிற்று.

“பலகடெ என்று சீட்டில் எழுதியிருந்தேனே, மூன்றாவது வரியில்” என்றார் பெரியவர். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஏதோ நினைவூட்டுவது போலத்தான் சொன்னார். எங்களுக்கோ முகம் வெளிறிற்று. சீட்டு பையிலேயே இருந்தது. மூன்று மாதங்களாக இருந்தது. அதைப் படிக்கத்தான் எங்களுக்குத் தெரியாது. அதை அவரிடம் சொல்ல நாணி, “ஆமாம் அண்ணா, கவனக் குறைவு” என்று சொல்லித் திரும்பினோம்.

அன்றிரவு மகளுக்குச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினோம். அவள் இங்குப் பள்ளியில் கன்னடம் படித்தவள். தொலைபேசியில் ஒவ்வொரு வரியாய்ப் படித்தாள். மூன்றாவது வரி: “முந்தின பாகிலு, பலகடெ.” முன்கதவு, வலப்பக்கம். ‘ஓட்டுநர் பக்கம்’ என்று அவர் எழுதவேயில்லை. தெளிவாக வலப்பக்கம் என்றே எழுதியிருந்தார். எழுதியவருக்கு ஐயமில்லை, படிக்க இயலாதவர்களே தம் நினைவை நம்பி வேறு சொல்லைப் போட்டுக்கொண்டோம்.

ஆறு வரிகள் பொருள்களின் பெயர். ஏழாவது வரியையும் ஒரு பொருளின் பெயர் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அதையும் படித்தாள். “அப்பன காடி. நிதானவாகி மாடோண.” அப்பாவின் வண்டி, நிதானமாகச் செய்வோம்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. எங்கள் தந்தையாரை நினைத்து அவர் எழுதிய அந்த ஒரு வரி மூன்று மாதம் எங்கள் பையில் கிடந்திருக்கிறது. அதனை நாங்கள் அறியவில்லை. மகள்தான் மீண்டும் பேசினாள். “இத்தாலியச் சொல் நாற்பது படித்தீர்களே, அப்பா, அம்மா! இந்த எழுத்தைப் படிக்க ஏன் தோன்றவில்லை?” என்றாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை. ஆயினும் எங்களுக்கு விடை கூற இயலவில்லை.

எண்ணிப் பார்த்தால் விடை எளிது. இத்தாலி தொலைவில் உள்ளது. அங்கு நமக்கு மொழி தெரியாது என்பதை நாம் அறிவோம். ஆகவே படம் எடுத்தோம், அளந்தோம், ஒருமுறைக்கு இருமுறை கேட்டோம். பெங்களூரோ நம் வீடு. முப்பது ஆண்டுகளாகக் கடைக்குப் போய் வருகிறோம். ‘எஷ்டு’, ‘பேடா’, ‘சாக்கு’ என்னும் சில சொற்களால் வாழ்க்கை நடந்துவிடுகிறது. எதிரே இருப்பவரும் நம்மேல் இரக்கம் கொண்டு பாதி தமிழில் பேசிவிடுகிறார். அந்த இரக்கத்தையே நம் அறிவு என்று எண்ணிக்கொண்டோம். எங்கள் தந்தையார் இந்த ஊருக்கு வந்த ஓரிரு ஆண்டுகளில் உடன் வேலை செய்தோரிடம் கன்னடம் பேசக் கற்றுக்கொண்டார். இங்கேயே பிறந்த நாங்கள் அந்த அளவுகூடக் கற்கவில்லை.

கற்க அரிய மொழியா அது? அந்தச் சீட்டின் சொற்களையே பாருங்கள். எட என்றால் இடம். பல என்றால் வலம். பாகிலு என்றால் வாயில். நம் வகரம் அங்குப் பகரமாய் ஒலிக்கிறது. இந்த ஒரு விதியை அறிந்துகொண்டால் எத்தனை சொற்கள் கதவு திறந்துகொண்டு வருகின்றன! நம் வா அங்கு ‘பா’. நம் வேண்டும் அங்கு ‘பேக்கு’. நம் வேர் அங்கு ‘பேரு’. ‘தெஸ்த்ரோ’ என்றால் வலம், ‘சினிஸ்த்ரோ’ என்றால் இடம் என்று இத்தாலியத்தில் உருப்போட்ட எங்களுக்கு, உடன்பிறந்த மொழியின் இடமும் வலமும் தெரியவில்லை. இதனை எழுதவே நாணுகிறோம். ஆயினும் எழுதுகிறோம், ஏனெனில் இது எங்கள் வீட்டில் மட்டும் உள்ள குறை என்று நாங்கள் நினைக்கவில்லை.

நிற்க. இத்தாலிய வணிகருக்கு நடந்ததை எழுதினோம். பிழை எங்களுடையதே என்றும் எழுதினோம். பொருளைத் திருப்பி அனுப்பும் கூலி அதன் விலையைவிட மிகுதி. அவர் ஒரு படம் வரைந்து அனுப்பினார். மேலிருந்து பார்த்தாற்போல ஒரு வண்டி. முன்னோக்கி ஓர் அம்பு. ஒரு பக்கம் ‘டி.எக்ஸ்.’, மறுபக்கம் ‘எஸ்.எக்ஸ்.’ என்று இத்தாலியச் சுருக்கெழுத்து. “இருக்கையில் அமர்ந்து முன்னே பாருங்கள், தங்கள் வலக்கைப் பக்கமே வலம். ஓட்டுநர் எங்கே அமர்ந்தாலும் இது மாறாது” என்று கீழே எழுதியிருந்தார். வலப்பக்க ரப்பருக்கு விலை வேண்டா, அனுப்பும் கூலி மட்டும் போதும் என்றார்.

அதே கடிதத்தில் முன்விளக்குகளையும் கேட்டிருந்தோம். விளக்கை மட்டும் அவர் தர மறுத்துவிட்டார். காரணம் கேட்டு வியந்தோம். தாழ்த்திய ஒளி, வண்டி செல்லும் ஓரத்தின் பக்கம் சற்று உயர்ந்து பாயுமாறு விளக்கின் கண்ணாடி அமைக்கப்பட்டிருக்கும். இத்தாலியில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்வன. அவ்விளக்கை இங்கு மாட்டினால் ஒளி வலப்பக்கம் பாய்ந்து, எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும். ஐரோப்பிய முறைப்படி செய்த விளக்கின் கண்ணாடியில் வட்டத்திற்குள் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். 1958-இல் ஜினீவாவில் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி வந்த முத்திரை அது. எண் 1 ஜெர்மனி, 2 பிரான்சு, 3 இத்தாலி என ஒப்புதல் அளித்த நாட்டைக் குறிக்கும். நம்மைப் போல் இடப்பக்கம் செல்லும் நாடுகளுக்கான விளக்கில், எதிரே நின்று பார்ப்பவரின் வலப்பக்கம் நோக்கிய ஓர் அம்பு பொறித்திருக்கும். இரு பக்கமும் அம்பு இருந்தால் இரு முறைக்கும் மாற்றி அமைக்கலாம். அம்பே இல்லையெனில் அது நமக்கு ஆகாது. தம் வாணிகத்தை இழந்தும் இதனைச் சொன்ன அந்த மனிதரை நன்றியுடன் நினைக்கிறோம்.

ஆகஸ்டு 8-ஆம் நாள் கூலிப் பணம் அனுப்பினோம். விடை இல்லை. ஒரு வாரம் சென்றது; இரண்டு வாரம் சென்றது. நல்லவர் என்று நம்பியவர் ஏமாற்றிவிட்டாரோ என்று மனம் குறுகியது. கடுமையாக ஒரு கடிதமும் எழுதி வைத்தோம். அனுப்புமுன் மகளிடம் காட்டினோம். அவள் தடுத்தாள். ஆகஸ்டு 15 நமக்குச் சுதந்திர நாள். இத்தாலியர்க்கு அது ‘ஃபெர்ரகோஸ்தோ’ என்னும் பெருவிழா. அதனையொட்டிச் சில வாரங்கள் கடைகளையும் பட்டறைகளையும் அடைத்துவிட்டுக் குடும்பத்தோடு வெளியூர் செல்வது அவர்கள் வழக்கமாம். ஆகஸ்டு இறுதியில் அவரிடமிருந்து மன்னிப்புக் கோரி மடல் வந்தது. எழுதி வைத்திருந்த கடுங்கடிதத்தைக் கிழித்தெறிந்தோம். பிறர் மொழியை மட்டுமன்று, பிறர் பண்டிகையையும் அறிந்தாலன்றி அவர் மௌனத்தின் பொருள் நமக்கு விளங்காது போலும்.

இத்தகைய முயற்சியில் இறங்கும் அன்பர்களுக்கு நாங்கள் பட்டறிந்து கூறுவன சில. பெயரை நம்பாமல் உதிரிபாக எண்ணைக் கேளுங்கள். வண்டியின் பெயர் ஒன்றாயினும் உள்ளே வேறுபாடு இருக்கும். இத்தாலியில் 1962 முதல் 1966 வரை செய்த 1100 டி வண்டியின் எஞ்சின் 1221 சி.சி.; நம் நாட்டில் செய்ததன் எஞ்சின் 1089 சி.சி. எனவே உடற்பகுதி பொருந்தினும் எஞ்சின் பகுதி பொருந்தும் என்று துணிய வேண்டா. ‘ஓட்டுநர் பக்கம்’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். இடம், வலம் என்று எழுதி, அம்பிட்ட படமும் சேருங்கள். அளவுகோலுடன் படமெடுங்கள். நம் அஞ்சல் குறியீட்டு எண்ணில் ஆறு இலக்கம், இத்தாலியில் ஐந்து. அவர்களுடைய படிவம் ஆறாவதை ஏற்காவிடில், முகவரி வரியில் அதனை முழுமையாய் எழுதுங்கள்.

பொருளின் சுங்கக் குறியீட்டையும் கேட்டுப் பெறுங்கள். 1988 சனவரி 1 முதல் வழங்கிவரும் பன்னாட்டு முறைப்படி அதன் முதல் ஆறு இலக்கங்கள் அதனை ஏற்ற நாடுகள் அனைத்திலும் ஒன்றே. 8708 என்று தொடங்கினால் மோட்டார் வண்டியின் உதிரிபாகம் என்றும், 8512 என்றால் வண்டியின் மின்விளக்கு, கண்ணாடி துடைப்பான் முதலியன என்றும் டூரினில் உள்ளவரும் அறிவர், பெங்களூரில் உள்ளவரும் அறிவர். கடைசியாக, விடை தாமதமானால் சினம் கொள்ளாதீர்கள். மொழி தெரியாத இருவரிடையே பொறுமைதான் முதல் மொழிபெயர்ப்பாளர்.

செப்டம்பர் இறுதியில் வலப்பக்க ரப்பர் வந்து சேர்ந்தது. பெரியவர் இரண்டு நாள் உழைத்து எல்லாவற்றையும் மாட்டினார். துருவைச் சுரண்டி, தகடு ஒட்டி, வண்ணமும் பூசினார். அக்டோபரில் பெருமழை பெய்த ஓர் இரவு, குடையுடன் சென்று வண்டிக் கதவைத் திறந்து தளத்தைத் தடவிப் பார்த்தோம். உலர்ந்திருந்தது. தவறி வந்த இடப்பக்க ரப்பர் இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. இடப்பக்கத்து ரப்பர் பழுதடையும் நாளில் பயன்படும். அதுவரை எங்களுக்கு ஒரு நினைவூட்டலாக இருக்கும்.

நோட்டுப் புத்தகத்தில் இத்தாலியச் சொற்கள் முடிந்த பக்கத்தை அடுத்து இப்போது கன்னட எழுத்துகள் தொடங்கியிருக்கின்றன. அண்டை வீட்டில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் சிறுமி மாலைதோறும் அரைமணி நேரம் எங்களுக்கு ஆசிரியை. எங்கள் எழுத்து கோணலாயிருந்தால் அவள் கண்டிப்பதும் உண்டு. பேருந்தின் நெற்றியில் உள்ள ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டோம். அதனால் நம் தமிழ் குறைந்துவிடவில்லை. ‘வாயில்’ என்னும் சொல்லை இப்போது எழுதும்போது அதன் அருகில் ‘பாகிலு’வும் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும் திருவள்ளுவர் சிலையை அன்பர்கள் அனைவரும் அறிவீர்கள். பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் அது திறந்து வைக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. இரண்டு திரைகள் ஒரே வாரத்தில் விலகின. வள்ளுவர் சிலையைக் காணச் செல்லும்போதெல்லாம் நமக்கு உரியது நமக்குக் கிடைத்தது என்றே இதுவரை மகிழ்ந்தோம். நாம் தர வேண்டியதும் ஒன்று உண்டு என்பதை இப்போதுதான் உணர்கிறோம்.

சென்ற மாதம் பெரியவர் மீண்டும் ஒரு சீட்டு தந்தார். பிரேக் வேலைக்கு வேண்டிய பொருள்கள். அதனை வாங்கி அங்கேயே நின்று, விரலை வைத்து, மெல்ல மெல்லப் படித்தோம். இரண்டாவது வரியில் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தோம். அவர் திருத்தினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “அப்பா இருந்தால் மகிழ்வார், சார்” என்றார். அதை அவர் தமிழில் சொன்னார். “ஹௌது, அண்ணா” என்று நாங்கள் கன்னடத்தில் விடை கூறினோம்.